மிச்சக் கோழிக்கறியும் சட்டிப் பையும்

உடல்நலப் பகுதி



தீபாவளி, பொங்கல், தோட்டத்து முனியாண்டி பூசை என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் கோழி இல்லாமல் இருக்காது. உறவுக்காரர்கள் வருவார்கள், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போகும். அப்படியும் மறுநாள் காலையில் சட்டியின் அடியில் கறி மிஞ்சிக் கிடக்கும். அதை எறிய மனம் வராது. வரவும் கூடாது. கோழி இன்று சும்மா கிடைப்பதில்லை. 2022 ஜூலையிலிருந்து தீபகற்ப மலேசியாவில் கோழிக்குக் கிலோவுக்கு 9 வெள்ளி 40 காசு என்று உச்ச விலை வைத்திருந்தார்கள். 2023 நவம்பர் 1ஆம் தேதியோடு அந்த விலைக் கட்டுப்பாடும் கோழிக்கான அரசாங்க உதவித்தொகையும் நின்றன. இப்போது கடைக்காரர் சொல்லும் விலைதான் விலை.

ஆகவே மிஞ்சிய கறியைக் காப்பாற்றுவது பாட்டாளி வீட்டுக்கு நல்ல பழக்கம். ஆனால் காப்பாற்றும் முறை தெரியாமல் காப்பாற்றினால், மிச்சம் பிடித்த பத்து வெள்ளிக்கு இரண்டு நாள் சம்பளமும் பிள்ளையின் உடம்பும் போய்விடும். மிஞ்சிய கோழியை எப்படி எடுத்து வைப்பது, அதை வைத்துக் குடும்பமே வயிறார ஒரு சட்டிப் பை எப்படிச் செய்வது என்று இந்த இதழில் பார்ப்போம்.

குளிர் நமக்குக் காவல் அல்ல

ரிங்லெட் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "இங்கதான் குளிருதே, கறி எங்க கெடப்போகுது? கீழே பீடோருல, தாப்பாவுல இருக்கறவங்கதான் பயப்படணும்" என்பார்கள். இது தவறான நம்பிக்கை.

ரிங்லெட் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,100 முதல் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியை விட இங்கே குளிர் அதிகம் என்பது உண்மையே. ஆனால் பகலில் 20 டிகிரிக்கு மேல் போகிறது. இரவிலும் பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. உணவில் கிருமி பெருகாமல் தடுக்க வேண்டுமானால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். இடைப்பட்ட சூடு முழுவதும் கிருமிக்குக் கொண்டாட்டம். நம் மலைக்குளிரும் அந்த இடைப்பட்ட சூட்டில்தான் அடங்குகிறது. நமக்குப் போர்வை தேவைப்படுகிறது என்பதற்காகக் கிருமிக்கும் குளிர்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

கிருமிக்குப் பிடித்த வெதுவெதுப்பில் அது 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். குளிரில் இந்த வேகம் குறையும், ஆனால் நிற்காது. இரவு ஒன்பது மணிக்கு மூடி வைத்த சட்டி காலை ஆறு மணிக்குள் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

அண்டாக் கறியில் உள்ள ஆபத்து

பூசைக்கும் கல்யாணத்துக்கும் பெரிய அண்டாவில் கறி வைக்கிறோம். அண்டா சீக்கிரம் ஆறாது. மேலே தொட்டால் ஆறியது போல இருக்கும், நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும். கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்று ஒரு கிருமி உண்டு. இது வித்து மாதிரி உருமாறிக் கொதியையும் தாங்கும். கறி மெதுவாக ஆறும்போது வித்து முளைத்துப் பெருகும். சாப்பிட்டு ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் வயிற்றைப் பிசைந்து பேதி போகும். பெரிய விருந்து முடிந்த மறுநாள் பல பேருக்கு ஒரே நேரத்தில் வயிறு போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று சால்மொனெல்லா. பச்சைக் கோழியில் இது சாதாரணமாக இருக்கும். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். ஆனால் பச்சைக் கோழி வெட்டிய பலகையிலேயே வெந்த கோழியைப் பிய்த்து வைத்தால் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். 2013 அக்டோபரில் கெடாவில் ஒரு கல்யாண விருந்தில் சாப்பிட்டவர்களில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். விருந்தில் வைத்த சிவப்புக் கோழிக்கறியின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. 2018இல் அதே கெடாவில் பாலிங் வட்டாரத்தில் லக்சா சாப்பிட்ட பலர் நோயுற்று, இருவர் இறந்தார்கள். நம்மைப் போலச் சாதாரணக் குடும்பத்து மக்கள்தான் அவர்களும்.

"சூடு காட்டினா சரியாயிடும்" என்பது

மோந்து பார்த்து, "வாடை இல்லையே" என்று சாப்பிடுகிறவர்கள் உண்டு. நோய் தரும் கிருமி பெருகினாலும் வாடை மாறாமல் இருக்கும். நாக்கும் மூக்கும் இங்கே சாட்சி சொல்லாது.

"கொதிக்க வச்சா எல்லாம் செத்துப்போகும்" என்பதும் பாதி உண்மைதான். ஸ்டேஃபிலோகாக்கஸ் என்ற கிருமி நம் மூக்கிலும் தோலிலும், முக்கியமாகக் கையில் சீழ் பிடித்த புண்ணிலும் இருக்கும். கொழுந்து எடுக்கும் கையில் கீறலும் வெட்டும் சகஜம். அந்தக் கையால் வெந்த கறியைப் பிய்த்து வெளியே வைத்தால், கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். பிறகு கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் கக்கிய விஷம் அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்கும். ஆகவே கையில் புண் இருந்தால் கட்டுப் போட்டு மூடுங்கள், அல்லது அன்றைக்குச் சமையலை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். ஆம்பிளைங்களும் அடுப்படிக்கு வந்து கை கொடுக்கலாம், குறைந்துவிட மாட்டார்கள்.

அப்படியானால் நம் பாட்டிமார் மூன்று நாள் வைத்துச் சாப்பிட்ட சுண்டக்கறி? நல்ல கேள்வி. மீன் குழம்பில் புளி அதிகம். புளிப்பில் பல கிருமிகள் எளிதில் வளராது. அதோடு அவர்கள் கொஞ்சமாக வைத்தார்கள், காலையும் மாலையும் தண்ணீர் வற்றச் சுண்ட வைத்தார்கள். இன்று நாம் வைக்கும் கோழிக்கறியில் புளி இல்லை, தேங்காய்ப்பால் நிறைய. அது கிருமிக்கு விருந்து. பாட்டி செய்த மீன் குழம்பின் நியாயத்தைத் தேங்காய்ப்பால் ஊற்றிய கோழிக்குச் சொல்ல முடியாது.

மிச்சத்தை எடுத்து வைக்கும் முறை

1. பரிமாறுவதற்கு முன்பே மறுநாளைக்கு வேண்டியதைத் தனியாக எடுத்துவிடுங்கள். தட்டில் மிஞ்சியது, கை பட்டது, எச்சில் கரண்டி போட்டது எதையும் சேர்த்து வைக்க வேண்டாம்.

2. அடுப்பை விட்டு இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டிக்குள் போய்விட வேண்டும். விருந்தாளிக்காக மேசையில் காத்திருந்த நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

3. சட்டியோடு வைக்க வேண்டாம். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். சீக்கிரம் குளிரும். சூடு கொஞ்சம் இருக்கும்போதே வைக்கலாம், ஐஸ் பெட்டி கெட்டுவிடாது.

4. பச்சைக் கோழி, பச்சை மீன் கீழ்த்தட்டில். வெந்த கறி மூடி போட்டு மேல்தட்டில்.

5. மூன்று நாளைக்குள், மிஞ்சிப்போனால் நாலாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் முதல் நாளே உறைபெட்டியில் போடுங்கள்.

6. சூடு காட்டுவது ஒரே முறை. அன்று சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பாகம் வரை தளதளவென்று கொதிக்க விடுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆனாலும் உயிருள்ள கிருமிகளைக் கொல்ல இது போதும். கோழியின் நடுப்பாகத்துக்கு 74 டிகிரி வந்தாலே போதுமானது.

ஐஸ் பெட்டி இல்லாதவர்கள், பெட்டி பழுதாகி நிற்பவர்கள், மின்சாரம் நின்றுபோன வீட்டார் மிச்சம் வைக்கவே வேண்டாம். அளவாகச் சமைத்து அன்றே முடித்துவிடுவதுதான் வழி. பக்கத்து வீட்டுப் பெட்டியில் ஒரு ஓரம் கேட்பதில் வெட்கம் இல்லை. பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேச, நேபாளத் தோழர்களோடு சூடாக இருக்கும்போதே பகிர்ந்து கொள்வதும் நல்லதுதான்.

பை என்றால் என்ன?

பை என்றால் கடைக்குக் கொண்டு போகும் துணிப்பை அல்ல. உள்ளே கறியும் காய்கறியும், மேலே மாவு மூடியும் வைத்துச் சுடும் பண்டம். வெள்ளைக்காரர் நாட்டுச் சாப்பாடு. இந்த மலையில் 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் இது துரைமார் மேசைக்கு உரியது. மலாயாவில் இதைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் ஹைனான் சீனச் சமையற்காரர்கள். வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்த அவர்கள், பிறகு தங்கள் காப்பிக்கடைகளிலும் கோழிப் பையைச் செய்தார்கள். நமக்குப் பழக்கமான கறிபாப்பும் ஒரு வகையில் இதற்குச் சொந்தக்காரன்தான். அதே உள்ளீடு, அதே மாவு. அது எண்ணெயில் பொரிகிறது, இது சட்டியில் இருக்கிறது.

துரை வீட்டுப் பண்டம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மிஞ்சிய கறியை வீணாக்காமல் பெருக்கிக் காட்டும் புத்தி இதில் இருக்கிறது. அந்தப் புத்தி நமக்குப் புதிதல்ல. இரண்டு பேருக்குக் கூடப் பற்றாத கோழி, காய்கறி சேர்ந்தால் ஐந்து பேருக்கு ஆகும். காய்கறிக்கு நாம் எங்கும் போக வேண்டாம். முட்டைக்கோசும் தக்காளியும் லீக்ஸும் இந்த மலையிலேயே விளைகின்றன. இருந்தும் நம் பிள்ளைகள் சோறும் கறியுமாகத் தின்று காய்கறியை ஓரம் தள்ளுகிறார்கள். மாவு மூடிக்குக் கீழே போனால் அதே முட்டைக்கோஸ் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

சட்டிப் பை: அவன் அடுப்பு வேண்டாம்

ஐந்து பேருக்கு வேண்டியவை:

எலும்பு நீக்கிப் பிய்த்த மிச்சக் கோழி 2 கோப்பை (ஏறக்குறைய 300 கிராம்). உருளைக்கிழங்கு நடுத்தரமாக 2, கேரட் 1, மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ் இரண்டு கைப்பிடி, பச்சைப் பட்டாணி ஒரு கைப்பிடி. பெரிய வெங்காயம் 1, பூண்டு 3 பல். சமையல் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கோதுமை மாவு 2 மேசைக்கரண்டி, தண்ணீர் அல்லது பால் ஒன்றரைக் கோப்பை, மிளகுத்தூள்.

மூடிக்கு: கோதுமை மாவு ஒன்றரைக் கோப்பை, மார்ஜரின் 60 கிராம் (4 மேசைக்கரண்டி), உப்பு ஒரு சிட்டிகை, குளிர்ந்த தண்ணீர் 5 மேசைக்கரண்டி அளவு.

முதலில் மூடி. மாவில் உப்பும் மார்ஜரினும் போட்டு, விரல் நுனியால் ரொட்டித்தூள் மாதிரி உதிரியாகும் வரை பிசறுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து உருட்டுங்கள். பராத்தா மாவு போல அடித்துப் பிசைய வேண்டாம், மூடி ரப்பர் மாதிரி இழுக்கும். மூடி போட்டு 20 நிமிடம் விடுங்கள். பிறகு உங்கள் சட்டியின் வாய் அளவுக்கு, அரை சென்டிமீட்டர் தடிமனில் வட்டமாகத் தேய்த்து, முள்கரண்டியால் பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்துங்கள். தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், சின்னத் தீயில், மேலே ஒரு மூடியைக் கவிழ்த்து வேகவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஆறேழு நிமிடம். இரண்டு பக்கமும் பொன்னிறமாகி, தட்டினால் சத்தம் வர வேண்டும்.

அடுத்து உள்ளீடு. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் சின்னக் கட்டமாக நறுக்கி அரை வேக்காடாக அவித்து வையுங்கள். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், பூண்டு போட்டு வதக்குங்கள். 2 கரண்டி மாவைத் தூவி, பச்சை வாடை போகக் கிளறுங்கள். தண்ணீரை அல்லது பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி விழாமல் கலக்குங்கள். காய்கறி எல்லாம் போட்டு வேகவிடுங்கள். கோழியை இந்த நேரத்தில்தான் ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும், முன்கூட்டியே எடுத்து மேசையில் வைக்க வேண்டாம். கோழியைப் போட்டுக் கிளறி, சட்டி முழுவதும் தளதளவென்று கொதி வந்த பிறகும் ஐந்து நிமிடம் விடுங்கள். மிளகுத்தூள் தூவுங்கள். கெட்டியாகக் கரண்டியில் ஒட்டும் பதம் சரியான பதம்.

மிஞ்சியது குழம்புக் கறியானால் பாலும் மிளகும் தேவையில்லை. அந்தக் குழம்பையே கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊற்றுங்கள். நம் நாக்குக்கு இதுதான் ருசி. சின்ன எலும்பு ஒன்று கூட இல்லாமல் விரலால் தடவிப் பாருங்கள், குழந்தையின் தொண்டையில் சிக்கும்.

கொதிக்கும் உள்ளீட்டின் மேல் சுட்ட மூடியை வைத்து, அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விட்டுப் பரிமாறுங்கள். மூடியை மேசையிலேயே உடைத்தால் பிள்ளைகளுக்கு வேடிக்கை. அவன் அடுப்பு இருப்பவர்கள் பச்சை மூடியையே கொதித்த உள்ளீட்டின் மேல் போட்டு, நடுவில் ஆவி போக ஒரு கீறல் கீறி, 200 டிகிரியில் அரை மணி நேரம் சுடலாம்.

ஒரு எச்சரிக்கை: இந்தப் பை மிஞ்சினால் மறுநாளைக்கு வைக்க வேண்டாம். மிச்சத்தின் மிச்சம் நமக்கு ஆகாது. மறுநாள் பிரட்டுக்குப் போகும்போது தூக்குச்சட்டியிலும் வைக்க வேண்டாம். விடியுமுன் கட்டியது பத்து மணி, பதினோரு மணி வரை காட்டில் கிடக்கும். இது மாலையில் வேலை முடிந்து வந்து, எல்லாரும் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட வேண்டிய பண்டம்.

யார் எவ்வளவு சாப்பிடலாம்?

300 கிராம் வெந்த கோழியை ஐந்து பங்காக்கினால் தலைக்கு ஏறக்குறைய 15 கிராம் புரதம் கிடைக்கும். இது இரண்டு முட்டைக்கு மேல். வளரும் பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், மலைச்சரிவில் கூடை சுமப்பவருக்கும் நல்லது.

ஆனால் மூடியில் கொழுப்பும் மாவும் இருக்கின்றன. 2023இன் தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 15.6 பேருக்கு நீரிழிவும், 29.2 பேருக்கு இரத்த அழுத்தமும் இருக்கின்றன. இனிப்பு நீர் உள்ளவர்கள் மூடியில் ஒரு சின்னத் துண்டோடு நிறுத்தி, உள்ளீட்டில் உருளைக்கிழங்கைக் குறைத்து முட்டைக்கோசைக் கூட்டிக்கொள்ளுங்கள். பையோடு சோறும் வேண்டாம். அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் கறியில் ஏற்கனவே உப்பு இருப்பதை மறக்காதீர்கள். மேலும் உப்பு, சோயா, சூப்புக் கட்டி எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

வயிறு கெட்டுவிட்டால்

வாந்தியும் பேதியும் வந்தால் முதல் பயம் உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான். கிளினிக்கில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்கும். கையில் இல்லையானால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். அளவு தப்பக் கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பிள்ளைகளுக்குப் பேதி நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மலத்தில் இரத்தம், கடுமையான காய்ச்சல், கண் குழி விழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் கிளினிக்குக்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ போங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இன்னும் சீக்கிரம். வண்டி இல்லாவிட்டால் 999ஐ அழையுங்கள். ஒரே விருந்தில் சாப்பிட்ட பலருக்கு வந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள், மற்றவர்களைக் காப்பாற்ற உதவும்.

"லீவு போட்டா சம்பளம் போயிடும்" என்று பேதியோடு மலையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் சம்பளத்தோடு நோய் விடுப்பு தருகிறது. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவச் சான்றிதழ் வாங்கி, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். அந்த விடுப்பு யாரும் போடும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை.

மனதில் வைக்க வேண்டியவை

இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டி. மூன்று நாளைக்குள் சாப்பாடு. ஒரே ஒரு முறை சூடு, அதுவும் தளதளவென்று. சந்தேகம் வந்தால் எறிந்துவிடுங்கள்.

வரும் பண்டிகைக்குக் கோழி வாங்கும்போதே ஒரு முட்டைக்கோசும் இரண்டு கேரட்டும் சேர்த்து வாங்கி வையுங்கள். மறுநாள் மாலைச் சாப்பாட்டுக்கு உதவும்.